மைனாவின் இறக்கையில் ஒரு கடிதம்

“டீச்சர், இது நிஜமாவே சின்னப் பிள்ளைங்களுக்கு எழுதின கதையா?”

ஒன்பதாம் வகுப்பு, நூலக வேளை. வேல்ஸ் நாட்டின் இடைக்காலக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண் கேட்டு வந்த அயர்லாந்து அரசனின் குதிரைகளை, மணப்பெண்ணுக்கு அண்ணன் முறையாகும் ஒருவன் ஆத்திரத்தில் சிதைக்கிறான். உதடுகளைப் பல் தெரிய அறுக்கிறான். காதுகளைத் தலையோடு ஒட்ட நறுக்குகிறான். வால்களை முதுகுவரை வெட்டுகிறான். அந்த இடத்தில்தான் மூன்றாம் வரிசை மாணவி எழுந்து அப்படிக் கேட்டாள். பத்து நிமிடத்துக்கு முன்புதான் கரும்பலகையில் ‘மாபினோகியன்’ என்று நூலின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘சிறுவர் கதைகள்’ என்று பொருளும் எழுதியிருந்தேன்.

எனக்குப் பதில் தெரியவில்லை. “அடுத்த வாரம் சொல்றேன்” என்றேன். அந்த ஒரு வாரம் ஒரு கல்வியாண்டாக நீண்டுவிட்டது. மூலமொழி ஓர் எழுத்தும் தெரியாமல் ஓர் இலக்கியத்தை மொழிபெயர்ப்பில் படிப்பவர், அதை வகுப்பறைக்கும் கொண்டுபோக நினைப்பவர், எங்கே சறுக்குவார், எதைப் பிடித்து எழுவார் என்பதை அந்த ஆண்டில்தான் கற்றேன். நான் ஆங்கிலப் பாட ஆசிரியை. தொலைநிலைக் கல்வியில் முதுகலை படித்தபோது இடைக்கால ஐரோப்பிய இலக்கியம் பற்றிய தாளுக்காக இந்த நூலைத் தேடினேன். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய மொழிபெயர்ப்பு ஒன்று இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு தேர்வும் எழுதி, தேர்ச்சியும் பெற்றுவிட்டேன். ஒரு மாணவி கேள்வி கேட்கும்வரை அதில் குறை இருப்பதாகத் தோன்றவே இல்லை.

நூலைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாபினோகியன் என்பது இடைக்கால வெல்ஷ் மொழியில் எழுதப்பட்ட 11 உரைநடைக் கதைகளின் தொகுப்பு. எழுதியவர் பெயர் தெரியாது. இவற்றைக் காத்துத் தந்தவை முக்கியமாக இரண்டு கையெழுத்துப் படிகள். ஒன்று ‘ரிதெர்கின் வெள்ளைப் புத்தகம்’. 1350-ஐ ஒட்டி எழுதப்பட்டது, அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. மற்றொன்று ‘ஹெர்கெஸ்டின் சிவப்புப் புத்தகம்’. 1382-க்குப் பிறகு எழுதப்பட்டது, ஆக்ஸ்போர்டின் ஜீசஸ் கல்லூரிக்கு உரியது. கதைகள் இப்படிகளைவிடப் பழையவை. 11 கதைகளில் நான்கு மட்டும் ‘மாபினோகியின் நான்கு கிளைகள்’ எனப்படும். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘இந்தக் கிளை இத்துடன் முடிகிறது’ என்ற பொருளில் ஒரு குறிப்பு வரும். மரம் ஒன்று, கிளைகள் நான்கு என்ற எண்ணம். குதிரைக் கதை இரண்டாம் கிளையில் வருகிறது. அதன் நாயகி பிரான்வென்.

நான் படித்த பழைய மொழிபெயர்ப்பு சார்லட் கெஸ்ட் என்பவருடையது. 1812-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1833-இல் மெர்த்தர் டிட்வில் பகுதியின் டவ்லைஸ் இரும்பாலை உரிமையாளரைத் திருமணம் செய்துகொண்டு வேல்ஸுக்கு வந்தார். வந்த இடத்தின் மொழியைக் கற்றார். பத்துப் பிள்ளைகளுக்குத் தாயானார். ஆலைக் கணக்கு வழக்குகளைப் பார்த்தார், தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளிகளில் அக்கறை காட்டினார். இவ்வளவுக்கும் நடுவில் 1838 முதல் 1845 வரை ஏழு பகுதிகளாக இக்கதைகளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். வேல்ஸுக்கு வெளியே உலகம் இந்தக் கதைகளை அறிந்தது இவரால்தான். அதனால் அவர் குறைகளைச் சொல்லும்போதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இவர் இந்தப் பணியைச் செய்த அதே காலத்தில் வேல்ஸ் பள்ளிகள் சிலவற்றில், வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அடுத்துப் பேசி மாட்டிக்கொள்ளும் பிள்ளையின் கழுத்துக்கு அது மாறும். 1847-இல் வேல்ஸ் பள்ளிகளை ஆய்ந்த அரசு அறிக்கை, வெல்ஷ் மொழியே மக்களின் முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதியது. ஆய்வுக்கு வந்த மூன்று ஆணையர்களுக்கும் வெல்ஷ் தெரியாது. அந்த அறிக்கையை ‘நீலப் புத்தகங்களின் துரோகம்’ என்றே வெல்ஷ் மக்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். சிறுவயதில் அந்த மரத்துண்டைச் சுமந்த ஓ. எம். எட்வர்ட்ஸ் பின்னாளில், 1907-இல், வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளரானார். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், “அப்போ அந்த மொழி இருக்கா, போயிடுச்சா?” என்று கேட்டான். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் ஏறத்தாழ 5,38,000 பேர் பேசுகிறார்கள், மக்கள்தொகையில் 17.8 விழுக்காடு.

சரி, ‘சிறுவர் கதைகள்’ விவகாரத்துக்கு வருகிறேன்.

வெல்ஷ் மொழியில் ‘மாப்’ என்றால் மகன், பையன். அதனால் ‘மாபினோகி’ என்றால் சிறுவர்க்குரியது என்று 19-ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். கெஸ்ட் அம்மையாரும் அப்படியே எடுத்துக்கொண்டு நூலைத் தம் மகன்கள் இருவருக்குக் காணிக்கையாக்கினார். நான் கரும்பலகையில் எழுதியது அதன் எதிரொலிதான். ஆனால் அந்தச் சொல்லின் பொருள் இன்றுவரை முடிவாகவில்லை. ஒருவரின் இளமைக் கதை என்ற பொருளில் தொடங்கி, பிறகு வெறுமனே ‘கதை’ என்று ஆகியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. மாப்போனோஸ் என்ற பழைய கெல்டியத் தெய்வத்தோடு தொடர்புபடுத்துவது இன்னொரு கருத்து. ‘மாபினோகியன்’ என்ற பன்மை வடிவமோ நான்கு கிளைகளில் ஒரே ஓர் இடத்தில், முதல் கிளையின் முடிவில் மட்டும் வருகிறது. அருகிலிருந்த வேறொரு சொல்லின் ஈறு, எழுத்தரின் கையில் இங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்கிறார்கள். அதாவது நூல் உலகப் புகழ் பெற்ற பெயரே ஏடெழுதினவரின் பிழையாக இருக்கலாம்! நம் ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

பொருள் ஒரு பக்கம். சிறுவர்க்கானது என்று நம்பியதால் அந்த அம்மையார் சிலவற்றை விட்டுவிட்டார் என்பது அடுத்து எனக்குத் தெரிந்தது. முதல் கிளையில் புய்ல் என்ற இளவரசன், அரவ்ன் என்ற வேற்றுலக அரசனோடு ஓராண்டுக்கு உருவமும் நாடும் மாற்றிக்கொள்கிறான். அரவ்னின் மனைவிக்கு அது தெரியாது. மூலத்தில் புய்ல் ஒவ்வோர் இரவும் அவளுக்கு முதுகு காட்டித் திரும்பிப் படுக்கிறான்; ஓராண்டும் அப்படியே. அரவ்ன் திரும்பி வந்து, மனைவி சொல்லக் கேட்டுத்தான் தன் நண்பனின் உறுதியை அறிகிறான். கெஸ்டின் ஆங்கிலத்தில் இந்தப் படுக்கையறைப் பகுதியே இல்லை. வேட்டையும் விருந்துமாக ஆண்டு கழிந்தது என்று கதை நகர்ந்துவிடுகிறது. நட்பின் சோதனையே அங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பிறகு அரவ்ன் ஏன் அவ்வளவு நன்றி பாராட்டுகிறான் என்பது புரியாது. முதுகலைத் தேர்வில் அந்த நட்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எதைப் பற்றி எழுதினேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விடுபட்டதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? வெல்ஷ் கற்று அல்ல. இன்னொரு மொழிபெயர்ப்பை வாங்கிப் பக்கத்தில் வைத்ததால்தான். 1948-இல் க்வின் ஜோன்ஸ், தாமஸ் ஜோன்ஸ் இருவரும் சேர்ந்து ஒரு மொழிபெயர்ப்பு வெளியிட்டார்கள். முன்னவர் ஆங்கிலப் பேராசிரியர், பின்னவர் வெல்ஷ் அறிஞர். 2007-இல் கார்டிஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சியோனெட் டேவிஸின் மொழிபெயர்ப்பு வந்தது. கெஸ்டின் ஆங்கிலம் பழைய விவிலிய நடையை நினைவூட்டும். ஜோன்ஸ் இருவரின் நடையும் வேண்டுமென்றே பழமை பூசியது. அழகானது, ஆனால் என் மாணவர்கள் இரண்டு வரிக்கு மேல் தாங்கவில்லை. டேவிஸ் கதைசொல்லியின் குரல் கேட்கும்படி, உரக்கப் படிக்க ஏற்றதாக எழுதியிருக்கிறார். மூன்றையும் ஒரே இடத்தில் விரித்து வைத்தால் ஒன்று உடனே புலப்படும்: பழமை என்பது கதையில் இல்லை, மொழிபெயர்ப்பாளரின் தெரிவில் இருக்கிறது. மூன்றும் ஒத்துப்போகும் இடத்தில் நம்பி நடக்கலாம். பிரியும் இடத்தில் நின்றுவிட வேண்டும். அங்கே மூலத்தில் ஏதோ இருக்கிறது.

வகுப்பில் இதைச் செய்ய அரைப் பக்கம் போதும். நான் பிரான்வென் கதையை எடுத்தேன். கதைச் சுருக்கம் இது.

வலியோரின் தீவு என்று கதை அழைக்கும் பிரிட்டனின் அரசன் பிரான். முழுப் பெயர் பெந்திகைத்வ்ரான். எந்த வீட்டுக்குள்ளும் அடங்காத பேருருவம் உடையவன். ஹார்லெக் பாறையில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 13 கப்பல்கள் வருகின்றன. அயர்லாந்தின் அரசன் மத்தோலுக், பிரானின் உடன்பிறந்தாள் பிரான்வென்னைப் பெண் கேட்கிறான். அபெர்ஃப்ரவ் என்ற ஊரில் கூடாரங்களில் திருமணம் நடக்கிறது. தன்னைக் கேட்காமல் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள் என்று தாய்வழிச் சகோதரன் எவ்னிசியென் குதிரைகளைச் சிதைக்கிறான். பிரான் ஈடு கொடுத்துச் சமாதானம் செய்கிறான். பிரான்வென் அயர்லாந்து போகிறாள், குவெர்ன் என்ற மகனைப் பெறுகிறாள். இரண்டாம் ஆண்டில் அந்நாட்டார் பழைய அவமானத்தைக் கிளறுகிறார்கள். அரசியை அடுக்களைக்கு அனுப்புகிறார்கள். இறைச்சி வெட்டுகிறவன் நாள்தோறும் வந்து அவளை ஓர் அடி அடிக்க வேண்டும் என்பது தண்டனை. செய்தி வெளியே போகாதபடி கப்பல்களையும் தடுத்துவிடுகிறார்கள். மூன்று ஆண்டுகள். அவள் மாவு பிசையும் தொட்டியின் ஓரத்தில் ஒரு பறவையை வளர்த்து, அதற்குப் பேச்சுக் கற்றுக்கொடுத்து, அண்ணனின் அடையாளம் சொல்லி, இறக்கையின் அடியில் கடிதம் கட்டி அனுப்புகிறாள். பிரான் கடலை நடந்தே கடந்து வருகிறான். பேச்சுவார்த்தை முடிந்து சமாதான விருந்து நடக்கும்போது எவ்னிசியென் குழந்தை குவெர்னைத் தூக்கித் தீயில் எறிகிறான். போர். பிரானின் பக்கத்தில் பிழைத்து மீண்டவர் ஏழே பேர். பிரான்வென் தாயகக் கரையில் இறங்கி, இரண்டு தீவுகளையும் திரும்பிப் பார்த்து, தன்னால் இரண்டும் அழிந்தனவே என்று நெஞ்சு வெடித்து இறக்கிறாள்.

மாணவர்களுக்கு நான் கொடுத்த பணி, சில வரிகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது. எளிது என்று நினைத்தேன். முதல் சொல்லிலேயே சண்டை வந்தது.

பிரான் அவளுக்கு அண்ணனா, தம்பியா? ஆங்கிலத்தில் ‘பிரதர்’. வெல்ஷ் மொழியின் ‘பிரவ்த்’ என்ற சொல்லும் அப்படியே, வயதைச் சொல்லாது. கதையும் யார் மூத்தவர் என்று சொல்லவில்லை. ஆங்கிலத்துக்கு அது ஒரு கேள்வியே இல்லை. தமிழில் எழுத உட்கார்ந்தால் தீர்மானித்தே ஆக வேண்டும். அரசனாக இருக்கிறான், பெண் கொடுப்பதைத் தீர்மானிக்கிறான், எனவே அண்ணன் என்று வகுப்பு முடிவு செய்தது. மேலே கதைச் சுருக்கத்தில் நானும் ‘அண்ணன்’ என்றே எழுதிவிட்டேன். அது கதையில் உள்ளதல்ல, தமிழ் கேட்டு வாங்கியது என்பதை மாணவர்களிடம் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சேர்ப்பது எப்போதும் ஆசையால் அல்ல. சில வேளை மொழி கட்டாயப்படுத்துகிறது.

அடுத்தது எதிர்த் திசையில் நடந்தது. விருந்தில் குழந்தை ஒவ்வொருவரிடமாகப் போகிறான். என்னிடம் மட்டும் ஏன் வரவில்லை என்று எவ்னிசியென் கேட்கிறான். ‘அங்கிள்’ என்று படித்துக்கொண்டு போனபோது எவரும் அசையவில்லை. “அவன் அந்தக் குழந்தைக்கு என்ன முறை வேணும்?” என்று கேட்டேன். ஒரு நொடி கழித்து ஒரு பையன், “தாய்மாமன்” என்றான். வகுப்பு அப்படியே உறைந்துவிட்டது. காது குத்துக்கு மடியில் உட்கார வைப்பவன், சீர் கொண்டு வருபவன், அவனா தீயில் எறிந்தான்? இங்கே தமிழ் கூட்டியது மிகையா என்று எனக்குச் சந்தேகம். வெல்ஷ் மூலத்தை விளக்கும் குறிப்புகளைத் தேடிப் பார்த்தேன். எவ்னிசியென் குழந்தையைக் குறிப்பிடும்போது ‘என் சகோதரியின் மகன்’ என்பதை அழுத்திச் சொல்லும் சொற்கள் மூலத்தில் இருக்கின்றன. அந்தச் சமூகத்திலும் மாமன், மருமகன் உறவுக்குக் கனம் உண்டு. ஆங்கிலத்தின் வெறும் ‘அங்கிள்’ அதைத் தட்டையாக்கியிருந்தது.

அடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ‘கன்னத்தில் ஓர் அடி’ என்று எழுதியிருந்தேன். ஆங்கிலம் ‘காதின் மேல் ஓர் அடி’ என்கிறது. அது தமிழில் சிரிப்பை வரவழைத்தது. பின்வரிசைப் பையன் ஒருவன், “செவிட்டுல அறைஞ்சான்னு சொல்லுங்க டீச்சர், சரியா இருக்கும்” என்றான். வெல்ஷ் சொல் ‘போன்க்ளிஸ்ட்’. ‘போன்’ என்றால் அடிப்பகுதி, ‘க்ளிஸ்ட்’ என்றால் காது. காதடியில் விழும் அறை. பின்வரிசை சொன்னதுதான் சரி.

குதிரைகளுக்குக் கொடுத்த ஈட்டிலும் இப்படி ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. சிதைந்த ஒவ்வொரு குதிரைக்கும் நல்ல குதிரை ஒன்று. அதற்கு மேல் மத்தோலுக்கின் உயரத்துக்கு ஒரு வெள்ளிக் கோல், அவன் முகத்தின் அகலத்துக்கு ஒரு பொன் தட்டு. கற்பனை வளம் என்று நினைத்துக் கடந்து போயிருந்தேன். அது சட்டம். ஹவெல் த்தா என்ற அரசன் பெயரால் வழங்கும் இடைக்கால வெல்ஷ் சட்ட நூல்களில், அரசனை அவமதித்தால் கொடுக்க வேண்டிய ஈட்டில் அவன் முகம் அளவுப் பொன் தட்டும் ஒன்று. அதன் கனத்தைப் பல ஆண்டு ஏர் ஓட்டிய உழவனின் நகத்தைக்கொண்டு அளப்பார்கள். அந்த ஈட்டுக்குப் பெயர் ‘வினெப்வெர்த்’, அதாவது ‘முக விலை’. ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘அவமதிப்புக்கான இழப்பீடு’ என்ற பொருள் வந்துவிடுகிறது, முகம் போய்விடுகிறது. அவமானப்பட்டவர் ‘இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போவேன்’ என்று கேட்கும் மொழிக்காரர்களுக்கு அந்தத் தட்டு ஏன் முகம் அளவு என்று விளக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஆற்றங்கரை. அயர்லாந்தில் லினோன் ஆற்றைப் படை கடக்க வழியில்லை. பிரான் தானே ஆற்றின் குறுக்கே படுக்கிறான், வீரர்கள் அவன் மேல் நடந்து போகிறார்கள். தலைவன் பாலமாக வேண்டும் என்ற கருத்து அங்கே பிறந்து இன்றும் வெல்ஷ் பழமொழியாக வழங்குகிறது. வெல்ஷ் மொழியில் ‘பென்’ என்றால் தலை, தலைவன் இரண்டும். தலைமையாசிரியரைக் குறிக்கும் ‘பென்னைத்’ என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததே. ‘பாலம்’ என்பதற்குச் சொல் ‘பொன்ட்’. போரின் முடிவில் காலில் நஞ்சு ஈட்டி பாய்ந்த பிரான், தன் தலையை வெட்டி எடுத்துப் போகச் சொல்கிறான். அந்தத் தலை 87 ஆண்டுகள் தோழர்களோடு பேசிக்கொண்டு வருகிறது. பிறகு லண்டனில் வெண்குன்றில் புதைக்கப்படுகிறது. நான் பார்த்த மூன்று ஆங்கில நூல்களிலும் பாலமாகும் தலைவனுக்கு ஒரு சொல், வெட்டுண்ட தலைக்கு வேறு சொல். மூலத்தில் இரண்டும் ஒன்று. தமிழில் தலை, தலைவன் என்று எழுதினாலே அந்த முடிச்சு தானாக விழுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இப்படி நாலு சொல் பொருந்தினதும் உற்சாகத்தில் இரண்டு மொழிக்கும் உறவு கண்டுபிடிக்க ஆசை வரும். எனக்கும் ஓர் இரவு வந்தது. வெல்ஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் கெல்டியக் கிளை. தமிழுக்கும் அதற்கும் பிறப்புறவு இல்லை. வயலும் அடுக்களையும் மாமனும் முகமும் எல்லா ஊரிலும் உண்டு, அவ்வளவுதான்.

பொருந்தாத இடங்களும் நிறைய. வெல்ஷ் சொற்களின் முதல் எழுத்து, முன்னே வரும் சொல்லையோ இலக்கண நிலையையோ பொறுத்து மாறும். பென் என்பது ‘பெ’ என்று மெலிந்தொலிக்கும். பிரான் ‘வ்ரான்’ ஆகும். அதனால்தான் பெந்திகைத்வ்ரான். பொன்னும் தாமரையும் சேர்ந்து பொற்றாமரை ஆகும்போது வருமொழியின் முதல் எழுத்து மாறுவதைக் கற்பித்த தமிழாசிரியர் ஒருவர், “இதை நன்னூலோட வைத்துப் பார்க்கலாமே அம்மா” என்றார். முழுதும் பொருந்தாது, ஆனால் மாணவர்களுக்கு வாசல் திறக்க உதவியது. பெயர்களைத் தமிழில் எழுதும்போதும் இதே சிக்கல். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதினால் எல்லாம் தப்பாகும். அங்கே ஒற்றை ‘எஃப்’ வகர ஒலி தரும், ‘டபிள்யூ’ உயிரெழுத்தாகவும் வரும். இரட்டை ‘எல்’ ஒலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. நம் ழகரத்தைப் பிறர் படும் பாடுதான் எனக்கும்.

பறவைக்கு வருவோம். வெல்ஷில் ‘த்ரிட்வென்’, ஆங்கிலத்தில் ‘ஸ்டார்லிங்’. குளிர்காலத்தில் நம் ஊருக்கு வரும் சூறைக்குருவி அதன் நெருங்கிய உறவு. ஆனால் சூறைக்குருவி என்றால் என் வகுப்பில் யாருக்கும் தெரியாது, அது பேசும் என்றும் தோன்றாது. மைனாவும் அதே குடும்பப் பறவைதான். பேசப் பழக்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். மைனா என்று வைத்தோம். அயர்லாந்தில் மைனா கிடையாது என்று ஒரு மாணவன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவன் சொன்னதும் சரி. கரும்பலகையில் இரண்டு பெயரையும் எழுதிவைத்தேன்.

ஹைடெக் ஆய்வகத் திரையில் வெள்ளைப் புத்தகத்தின் பக்கங்களைக் காட்டினேன். வேல்ஸ் தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. ஹார்லெக் கோட்டையின் படத்தைப் பார்த்ததும் “பிரான் வீடு!” என்று கூச்சலிட்டார்கள். அந்தக் கோட்டை வேல்ஸை வென்ற இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்ட் 1283-இல் கட்டத் தொடங்கியது. கதையில் இருப்பது வெறும் பாறை. கோட்டைக்கு வெளியே 1984-இல் நிறுவிய சிலை ஒன்று உண்டு. குதிரை மேல் பிரான், முன்னால் இறந்த மருமகனின் உடல். அந்தப் படத்தை யாரும் அடுத்த பக்கத்துக்கு நகர்த்தச் சொல்லவில்லை.

பிரான்வென் கடிதத்தில் என்ன எழுதினாள் என்று கதை விரித்துச் சொல்வதில்லை. தன் துன்பத்தையும் அவமானத்தையும் எழுதினாள் என்பதோடு சரி. அதைத் தமிழில் எழுதச் சொன்னேன். நிபந்தனை ஒன்றுதான்: மைனா தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும், எனவே தாள் இரண்டு விரல் அகலம். பெரும்பாலோர் அடியை எழுதினார்கள், பசியை எழுதினார்கள், பெரிய படையோடு வரச் சொன்னார்கள். முதல் நாள் கேள்வி கேட்ட மாணவியின் தாளில் இப்படி இருந்தது:

“அண்ணா, குதிரைக்கு எல்லாம் ஈடு குடுத்தீங்க. என்னை யாரும் கேக்கல. படை வேண்டாம். ஒரு வண்டி மட்டும் எடுத்துட்டு வாங்க. புள்ளையத் தூக்கிட்டு வந்துடுறேன்.”

அடுத்த வாரம் கடிதங்களை ஆங்கிலமாக்கினோம். அவளுடைய ‘வாங்க’வில் எல்லாரும் சிக்கினார்கள். ‘வா’ இல்லை, ‘வாங்க’. அதில் இருக்கும் மரியாதை ஆங்கிலத்துக்குப் போகவில்லை. ‘அண்ணா’வும் போகவில்லை. ‘மை டியர் எல்டர் பிரதர்’ என்று ஒருவன் எழுதிப் பார்த்துவிட்டு அவனே சிரித்து அடித்துவிட்டான். கடைசியில் ‘அண்ணா’ என்பதை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதி, அடியில் விளக்கம் போடலாம் என்று முடிவானது. ‘வண்டி’யைக் காராக்குவதா மாட்டுவண்டியாக்குவதா என்பது தீரவில்லை.

மணி அடித்ததும் தாள்களை அடுக்க அந்த மாணவி மட்டும் நின்றாள். “டீச்சர், அந்தத் தலைப்புக்கு என்ன அர்த்தம்னு சொல்றேன்னீங்களே?” என்றாள். பிழையாக இருக்கலாம் என்பது முதல் தெய்வப் பெயர் வரை தெரிந்ததைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு தன் தாளை மட்டும் உருவிக் காட்டி, “இதை நான் வெச்சுக்கட்டுமா? எங்க அக்காகிட்ட காட்டணும். போன மாசம்தான் அப்பா ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டு வந்தாரு” என்றாள்.

கோப்பில் வைக்க எனக்கு நகல் எதுவும் இல்லை. மேலே எழுதியது நினைவிலிருந்து எழுதியதுதான்.